சீதன ஓலையும் தேசவழமையும்

திருமணத்துக்கு முன்னரே மணமக்களின் ஆதனங்களை வரையறுத்து எழுதிக்கொள்ளும் வழக்கம் மேனாடுகளிலிருந்து அண்மையில் வந்த புதுமை என்று கருதுவோர் நம்மிடையே பலர். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் உறவினர் வீட்டுப் பிள்ளையொன்று மணஞ்செய்யப் புகும்போது வழக்கறிஞரை நாடித் திருமண முன்னுடன்படிக்கை எழுதிற்று என்று கேள்வியுற்றால், அன்புள்ளவிடத்து ஆவணம் எதற்கென்று மூத்தோர் மூக்கின்மேல் விரல் வைக்கின்றனர். அங்ஙனம் வியப்போர் வீட்டுப் பெட்டகத்திலேயே அத்தகைய உடன்படிக்கையொன்று துணியிற் சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றது. அதனை நாம் சீதனவுறுதி என்கின்றோம். பெயர் வேறாதலின் பொருளும் வேறென்று எண்ணிவிட்டோம் போலும்.

சீதனவுறுதி யாரைக் காத்தற்கு எழுந்தது, யாரை எவ்வளவு காத்தது என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது. சீதனத்தைப் புகழ்தலும் இகழ்தலும் எளிய செயல்கள். மேடைகளில் இரண்டும் போதிய அளவு நடைபெற்றுள்ளன. அதன் வரலாற்றை நோக்குவோர் தொகை குறைவு. வகுப்பிலே ஒல்லாந்தர் காலத்தைப் படிப்பிக்கும்போது மாணவர் கோட்டையையும் தோம்பையும் நன்கு நினைவிற் கொள்கின்றனர். தேசவழமையையோ பரீட்சைக்குரிய ஓர் ஆண்டாக மட்டும் மனனஞ் செய்கின்றனர். அவ்வாண்டின் பின்னால் அவர்தம் பாட்டிமாரின் காணிகள் கிடக்கின்றன என்று சொன்னாற்றான் நிமிர்ந்து பார்க்கின்றனர்.

சீதனம் என்னுஞ் சொல் வடமொழியின் ஸ்திரீதனம் என்பதன் திரிபு என்பர். மனு தரும நூல் மகளிர்க்குரிய தனத்தை ஆறாக வகுத்தது. மணத்தீயின் முன் கொடுத்தது, மணமகனில்லத்துக்குச் செல்லும்போது கொடுத்தது, அன்பினாற் கொடுத்தது, தாய் தந்தை உடன்பிறந்தார் என்போர் தனித்தனி கொடுத்தது என அவை அமையும். ஆயினும் யாழ்ப்பாணத்துச் சீதனத்தை அந்நூல்களைக் கொண்டு மட்டும் விளக்க முற்படுவோர் வழி தவறுவர். அங்கே அது நன்கொடை. இங்கே அது கணக்குத் தீர்த்தல். பெற்றோர் மகளோடும் ஆண்மக்களோடும் செய்யும் ஏற்பாடு. இவ்வேறுபாட்டை உணர்தற்குத் தேசவழமை நூலையே நாட வேண்டும்.

யாழ்ப்பாண அரசு 1619 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் கைப்பட்டது. 1658 இல் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்தினர். குடிகளின் வழக்குகளைத் தீர்க்க வேண்டிய ஒல்லாந்த அதிகாரிகளுக்கு இந்நாட்டு வழமைகள் எழுத்தில் இல்லாமை பெருந் தொல்லையாயிற்று. தேசாதிபதி கொர்னேலிசு யோன் சீமொன்சு 1706 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் அவற்றைத் தொகுத்தெழுதுமாறு கட்டளையிட்டான். அப்பணியை ஏற்றவன் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்து பழகிய திசாவை கிளாசு ஈசாக்சு என்பவன். அவன் ஒல்லாந்த மொழியில் எழுதி 1707 ஆம் ஆண்டு சனவரியில் ஒப்படைத்ததை யான் பீரூசு என்பவன் தமிழாக்கினான். பின்னர் முதலிமார் பன்னிருவர் அதனைப் படித்துப் பார்த்து, நாட்டு வழக்கத்தோடு ஒத்துளது என்று உடன்பட்டனர். அவ்வாண்டிலேயே படிகள் நீதிமன்றங்களுக்கு அனுப்பப்பெற்றன. பன்னிருவரும் ஆடவர், நிலமும் அதிகாரமும் உடையோர். நூல் யாருடைய வாய்மொழியென்பதை மறவாது படித்தல் நன்று.

நூலின் தொடக்கமே திருமணத்தின் ஆதனம் பற்றியது. கணவன் கொணர்வது முதுசம். மனைவி கொணர்வது சீதனம். இருவரும் கூடி வாழுங் காலத்தில் ஈட்டுவது தேடியதேட்டம். பண்டைக்காலந் தொட்டுத் தந்தையின் முதுசம் ஆண்மக்களையும் தாயின் சீதனம் பெண்மக்களையும் அடைந்தன என்றும், தேடியதேட்டம் இருபாலார்க்கும் பொதுவாயிற்று என்றும் ஈசாக்சு எழுதுகின்றான். தாயிடமிருந்து மகளுக்கும், அவளிடமிருந்து அவள் மகளுக்குமாக ஒரு வளவு கைமாறிச் சென்றது. மலையாள நாட்டுத் தாய்வழி முறையின் சாயல் இதன்கண் உண்டென்று நீதியரசர் எச். டபிள்யூ. தம்பையா முதலியோர் கருதினர். மட்டக்களப்பின் முக்குவர் வழமையை அறிந்தோர்க்கு அக்கருத்து விந்தையாகத் தோன்றாது.

இதனையடுத்து வரும் பகுதியே நமக்கு இன்றியமையாதது. ஆட்சிகள் மாறியமையால், சிறப்பாகப் போர்த்துக்கேயர் காலத்தில் தொன் பிலிப்பு மசுக்கரேஞ்ஞாவின் கீழ், வழமை மெல்லமெல்ல மாறிற்று என்று முதிய முதலிமார் கூறியதாக நூல் குறிக்கின்றது. மாற்றம் யாதெனில், மகளை மணஞ்செய்து கொடுக்கும் பெற்றோர் தந்தையின் முதுசத்திலிருந்தோ தாயின் சீதனத்திலிருந்தோ தேடியதேட்டத்திலிருந்தோ தமக்குத் தக்கதாகத் தோன்றியவாறு சீதனம் கொடுக்கலாயினர். மேலோட்டமாகப் படிப்பார்க்கு இது பெண்ணுக்குக் கிடைத்த இலாபமாகத் தோன்றும்; தந்தைவழி நிலமும் இப்போது அவளுக்குக் கிட்டுமன்றோ? ஆனால் முன்னர்த் தாயின் நிலம் வழமையினாலேயே மகளுடையதாயிற்று; பெற்றோர் மனம் வைத்தாற் கொடுப்பது, இன்றேல் மறுப்பது என்ற நிலை அன்றில்லை. பின்னரோ எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பன பெற்றோரின் விருப்பமாயின. பேச்சுவார்த்தை புகுந்தது. பேச்சுவார்த்தை புகுந்தவிடத்து எழுத்து வேண்டியதாயிற்று. சீதன ஓலையின் முதன்மை இம்மாற்றத்தோடு மிகுந்திருக்க வேண்டும் என்பது எம் துணிபு. ஆங்கில மொழிபெயர்ப்பில் அவ்வோலை 'டொட்டி ஓலா' என்று வழங்குகின்றது. சீதனத்தைக் குறிக்கும் 'தோத்தே' என்ற போர்த்துக்கேயச் சொல்லும் நம் பனையோலையும் கூடிய தொடர் அது. இரண்டு நூற்றாண்டுகளின் வரலாறு அவ்விரு சொற்களுள் அடங்கிவிட்டது.

ஓலை எழுதியபின் நிகழ்வன யாவை? முதலாவது, சீதனம் பெற்ற மகள் அதனோடு அமைதல் வேண்டும். பெற்றோர் இறந்தபின் எஞ்சிய முதுசத்தில் அவளுக்குப் பங்கில்லை. வேறு பிள்ளைகள் இல்லாவிடின் மட்டும் அவள் முழுவதையும் அடைவாள். ஒருத்தி சீதனம் பெற்ற அன்றே தாய்வீட்டுக் கணக்கிலிருந்து நீங்குகின்றாள். இரண்டாவது, பெற்ற நிலத்தைப் பத்தாண்டுகளுக்குள் அவளும் கணவனும் கைக்கொண்டு ஆளுதல் வேண்டும். தவறின் ஓலை பயனற்றுப் போம். பெற்றோர் மேலுள்ள மதிப்பினாலோ வெட்கத்தினாலோ, எழுதிய தோட்டத்தைக் கேளாது இருந்துவிட்ட பெண்களை இவ்விதி எவ்வளவு வருத்தியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். மூன்றாவது, ஈடு வைத்த காணியை மீட்டுத் தருவதாக ஓலையிற் சொல்லிக் கொடுத்த பெற்றோர் மீட்பதற்கு முன் இறந்துவிட்டால், அதனை மீட்கும் கடன் ஆண்மக்களைச் சாரும். அன்றியும், மணமாகாத ஆண்மக்கள் உழைத்துத் தேடியன யாவும், அவர் மெய்யில் அணிந்த பொன் வெள்ளி நகைகள் ஒழிய, குடும்பத்தின் பொதுப் பொருளாகவே கொள்ளப்பட்டன. தங்கையைக் கரையேற்றிய பின்னரே தன் கலியாணத்தைப் பேசும் அண்ணன் நம் ஊர்களில் இன்றும் அரியனல்லன். அவனுடைய கடமை வெறும் பாசத்தாலானது என்று நாம் நினைக்கின்றோம். 1707 இல் அது வழக்குமன்றத்தில் எடுத்துரைக்கத்தக்க விதியாகவே இருந்தது.

பிள்ளையில்லாது இறந்தவளின் சீதனம் கணவனைச் சேராமல் அவளுடைய சகோதரிகளையும் அவர்தம் பெண்மக்களையும் நோக்கித் திரும்பும் என்ற விதியும் குறிக்கத்தக்கது. பழைய தாய்வழி ஓட்டம் முற்றும் வற்றிவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஈசாக்சின் தாய்நாடான ஒல்லாந்திலும் திருமண முன்னுடன்படிக்கை நன்கு வழங்கியது. அந்நாட்டுப் பொதுச்சட்டத்தின்படி மணம் முடிந்ததும் இருவர் ஆதனமும் ஒன்றாய்க் கலந்துவிடும். கலத்தலை விரும்பாதோர் மணத்துக்கு முன்னரே உடன்படிக்கை எழுதினர். பேரறிஞர் குரோசியசு 1631 இல் வெளியிட்ட ஒல்லாந்தச் சட்ட அறிமுக நூலிலும் அதற்கெனத் தனிப்பகுதி உண்டு. மணம் நிகழ்ந்தபின் அவ்வுடன்படிக்கையைத் தம் விருப்பப்படி மாற்றக் கணவன் மனைவியர்க்கு உரிமையில்லை. ஒருவர் மற்றவரை மயக்கியோ மிரட்டியோ பொருளைப் பறித்துக்கொள்வர் என்று சட்டம் அஞ்சிற்று. ஆகவே ஓலையைக் கண்ட ஒல்லாந்தர்க்கு அது அந்நியமாகத் தோன்றியிராது. ஆனால் இரண்டுக்கும் ஓர் அடிப்படை வேற்றுமை உண்டு. ஒல்லாந்திற் கையொப்பமிட்டோர் மணமக்கள். இங்கே எழுதிக் கொடுத்தோர் பெற்றோர். அங்கே எதிர்த்தரப்பு கணவன். இங்கே கணவன் ஒருபுறமிருக்க, உடன்பிறந்தாரும் கண்ணுக்குப் புலனாகாத தரப்பினராய் நின்றனர். எவளுக்காக இத்தனையும் எழுதப்பட்டனவோ அவளுடைய வாய்ச்சொல் நூலில் ஓரிடத்தும் கேட்கவில்லை.

ஓலையிற் குறித்த பொருள்களுள் நிலம், தோட்டம் என்பவற்றோடு அடிமைகளும் இருந்தனர் என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு அழகாகாது. ஒரு பெண்ணின் உரிமையைக் காத்த அதே ஓலை இன்னொரு பெண்ணை உடைமையாகக் கைமாற்றியது. இலங்கையில் அடிமைமுறை 1844 ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஆங்கிலேயர் 1795 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணம் தேசவழமைக்கு முழு வலுவளித்தது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நிலத்தைக் கைமாற்றும் ஆவணம் நொத்தாரிசின் முன்னிலையில் இரு சாட்சிகளோடு நிறைவேறல் வேண்டும் என விதித்தது. பனையோலை கடதாசியாயிற்று, சீதன ஓலை சீதனவுறுதியாயிற்று. பழைய உறுதிகளைப் புரட்டுவோர் அவற்றின் நடையில் ஓர் அழகைக் காண்பர். காணியின் பெயர், அதன் பரப்பு, நாற்புறத்து எல்லை, அவ்வெல்லைக்குட்பட்ட வீடு, பனை, தென்னை, பயன்மரம், கிணற்றில் எத்தனையில் ஒரு பங்கு, தண்ணீர் அள்ளவும் போகவும் வரவும் உள்ள வழி வாய்க்கால் உரிமை, பின்னர் நகைகளும் அவற்றின் பெறுமதியும் என்று வரிசையாகச் செல்லும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்று கணக்கிடும் நாட்டில் அரைப்பரப்பும் காற்கிணறும் எத்துணைக் கவனத்தோடு எழுதப்பட்டன என்பதை நோக்குக. அந்த நொத்தாரிசுகள் நம் நிலவியலாசிரியர்கள்.

பிற பகுதிகளுக்கு 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தம்பதியரின் பொது ஆதனமுறையை நீக்கியபோது, தேசவழமைக்குட்பட்ட வட மாகாணத் தமிழர் அதினின்றும் விலக்கப்பட்டனர். அவர்க்கு வேறு சட்டம் 1911 இல் வந்தது. அவ்வாண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் முதுசக் கட்டளைச் சட்டம் மனைவியின் தனியாதனம் அவளுக்கே உரியது என்று தெளிவாகக் கூறிற்று. கணவனுடைய கடனுக்கு அதனைப் பிணையாக்க இடமளிக்கவில்லை. தேசவழமை நூலோ மனைவி கணவனின் விருப்பத்துக்கு அடங்கியவள், அவன் சம்மதமின்றி எதையுங் கொடுத்தல் இயலாது என்றிருந்தது. எனவே 1911 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு முன்னேற்றமே.

ஆயினும் அதன் 6 ஆம் பிரிவிலே ஒரு முடிச்சு விழுந்தது. அசையும் பொருளை மனைவி தன் விருப்பம்போல் விற்கலாம்; அசையாப் பொருளை வாழ்நாளிற் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். மரணசாசனத்தால் அதே காணியை அவன் சம்மதமின்றியே எவர்க்கும் எழுதி வைக்கலாம். தன் தாயின் வளவைத் தான் இறந்தபின் யார்க்குக் கொடுப்பதென்று முடிவு செய்ய வல்லவள், உயிரோடிருக்கும்போது முடிவு செய்ய வல்லளல்லள் என்பது விசித்திரமான நியாயம். பெற்றோர் எழுதிக் கொடுத்தனர்; கணவன் சம்மதங் கொடுத்தான்; உடைமையாளர் பெயர் மட்டும் அவளுடையது. இவ்விதிக்குச் சார்பாக ஒன்று கூறலாம்: மனைவியை ஏமாற்றி அவள் காணியைப் பிறர் வாங்கிவிடாது தடுத்தது என்பர். ஆனால் அவளை ஏமாற்றத்தக்கவர்களுள் மிக அருகில் இருந்தவன் யார் என்ற வினாவை அவர் எழுப்புவதில்லை.

சட்டமியற்றியோர் இதனை ஓரளவு உணர்ந்திருந்தனர். கணவன் கைவிட்டுச் சென்றாலோ, அவனிருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்தை நாடி அச்சம்மதத்தின் தேவையை நீக்குமாறு கேட்க 8 ஆம் பிரிவு வழிவகுத்தது.

மணத்துக்குப் பின் எழும் ஏற்பாடுகள் பற்றியும் சிறிது கூறவேண்டும். மணம் முடிந்து சில ஆண்டுகள் கழித்துப் பெற்றோர் மகளுக்கு ஒரு காணியை எழுதினால் அது சீதனமா நன்கொடையா என்பது நீதிமன்றங்களிற் பேசப்பட்ட வினா. சீதனமாயின் அவள் பெற்றோர் கணக்கிலிருந்து நீங்கியவள்; நன்கொடையாயின் நீங்காதவள். ஒரு சொல்லில் ஒரு பங்கு தங்கியிருந்தது. தேடியதேட்டத்தையோ 1947 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கத் திருத்தம் மறுபடி வரையறுத்தது. ஒருவர் தம் தனியாதனத்தை விற்றுப் பெற்ற பணத்தால் வாங்கியது தேடியதேட்டமாகாது என்பது அதன் சாரம். சீதனக் காணியை விற்றுக் கொழும்பில் வீடு வாங்கியவளுக்கு இது பெருந்துணையாயிற்று. சீதனம் உருமாறினும் அவளுடையதாகவே நின்றது.

மேனாட்டு நீதிமன்றங்கள் இத்துறையில் நெடுங்காலந் தயங்கின. பிரிவை எதிர்நோக்கி எழுதுவது மணத்தின் புனிதத்துக்கு இழுக்கென்று இங்கிலாந்து நீதிபதிகள் கருதினர். 2010 ஆம் ஆண்டிலேயே ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம், இருவரும் தடையின்றியும் அதன் விளைவுகளை முழுதும் உணர்ந்தும் எழுதிய உடன்படிக்கை, அவர்களை அதற்குக் கட்டுப்படுத்துவது நீதியற்றதாகாதவிடத்து, ஏற்கப்படும் எனத் தீர்த்தது. மணத்துக்கு முன் எழுதியதா பின் எழுதியதா என்பதைப் பெரிய வேறுபாடாக அது கொள்ளவில்லை. தடையின்றி, உணர்ந்து என்னும் இரண்டு சொற்களையும் நம் சீதனவுறுதியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். நம் பெண்களுள் எத்தனை பேர் தம் உறுதியை மணத்துக்கு முன் வாசித்திருப்பர்?

இனி, சீதனம் என்ற ஒரே பெயரின்கீழ் இருவேறு பொருள்கள் புகுந்துவிட்டமையைக் குறிக்காது விடலாகாது. உறுதியில் எழுதப்படும் காணியும் வீடும் நகையும் பெண்ணுடையவை. ஆங்கிலக் கல்வியும் அரசாங்க உத்தியோகமும் மாப்பிள்ளைக்கு விலையேற்றிய காலத்திலே, மாப்பிள்ளை வீட்டார் கையில் ரொக்கமாகக் கொடுக்கும் 'டொனேசன்' என்பதும் பெருகிற்று. அப்பணத்தால் மாப்பிள்ளையின் தங்கைக்குச் சீதனம் கொடுக்கப்படுவதும் உண்டு. ஒரு வீட்டுப் பெண்ணின் பொருள் மறுவீட்டுப் பெண்ணின் உறுதியில் ஏறுகின்றது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்றனுள் அப்பணத்தை எதன்கண் அடக்குவது? எந்த நொத்தாரிசும் அதனை எழுதுவதில்லை. எந்தச் சாட்சியும் கையொப்பமிடுவதில்லை. சீதனத்தைக் கண்டிப்போர் பெரும்பாலும் இதனையே கண்டிக்கின்றனர். ஆதரிப்போர் உறுதியிலுள்ள காணியைக் காட்டி ஆதரிக்கின்றனர். இருவரும் ஒரு பொருளைப் பற்றியே பேசுவதாக எண்ணி வாதிடுவது வியப்பு.

போர்க்காலம் இவ்வுறுதிகளை வேறொரு சோதனைக்குள்ளாக்கிற்று. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் 1995 அக்டோபரில் வலிகாமம் முழுவதிலிருந்தும் வெளியேறிய குடும்பங்கள் பல, உறுதிகளை வீட்டிலேயே விட்டுச் சென்றன. சில உறுதிகள் கூரையோடு எரிந்தன. மீண்டு வந்தபோது வேலியுமில்லை, எல்லைக் கல்லுமில்லை. உறுதியின் இரண்டாம் படி காணிப் பதிவகத்துக்குச் செல்லும் பழைய ஏற்பாடே அப்போது கைகொடுத்தது. தாத்தா எழுதிய உறுதியின் பிரதியைப் பெற்று, கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னார் வளவு என்று படித்துப் படித்து, பற்றைக்குள் நின்ற ஒரு கிணற்றைக் கொண்டு தம் காணியை இனங்கண்ட பெண்கள் உளர்.

காணி கிடைத்தபின்னரும் 6 ஆம் பிரிவு குறுக்கே நின்றது. கணவன் காணாமலாக்கப்பட்டவளுக்கு எவன் சம்மதங் கொடுப்பான்? அவன் இறந்தான் என்று பதியவும் அவள் மனம் ஒப்பவில்லை. இருக்கின்றான் என்று காட்டவும் சான்றில்லை. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் இறந்தவரென்று கூறாமலே காணாமற்போனமைக்குச் சான்றிதழ் பெற வழி செய்தது. 1911 இல் எழுதப்பட்ட அந்த 8 ஆம் பிரிவு, இருக்குமிடம் தெரியாத கணவன் என்ற சொற்றொடரைக் கொண்டிருந்தது. பிள்ளையின் படிப்புக்கோ மகளின் மணத்துக்கோ தன் சீதனக் காணியில் இரண்டு பரப்பை விற்க விரும்பிய பெண், அச்சொற்றொடரைத் தன் வாழ்க்கைக்கு உரியதென நிறுவ நீதிமன்றத்தின் முன் நின்றாள். அவள் கையில் இரண்டு கடதாசிகள் இருந்தன: ஒன்று தன் பெற்றோர் எழுதிய உறுதி, மற்றது கணவன் எங்கேயென்று அரசு அறியாது என்பதற்கான சான்று.